ஆகாய விமானத் தொழிலில் பொறியியலாளரின் பொறுப்பு

காலை வேளையில் பால்மரக் காட்டின் மேலே ஆகாய விமானம் ஒன்று ஒலியெழுப்பிச் செல்லும்போது, தோட்டத்துச் சிறுவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். “பெரியவனானதும் நான் விமானம் ஓட்டப் போகிறேன்” என்று அவர்களுள் ஒருவன் சொல்வதும் உண்டு. நல்ல ஆசைதான். ஆயினும், அந்த விமானத்தை ஓட்டிச் செல்பவர்கள் இருவர். அது பத்திரமாகப் பறப்பதற்கு உழைத்தவர்களோ பல்லாயிரவர். அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்கள் இயந்திரவியல் பொறியியலாளர்கள். அவர்களுடைய பணி யாது, அதற்கு வேண்டிய அறிவும் குணமும் யாவை, நம் பிள்ளைகள் அத்துறையை அடைவது எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இயந்திரவியல் பொறியியலாளர் என்றவுடன், எண்ணெய்க் கறை படிந்த உடையும் கையில் ஸ்பேனருமாக நிற்கும் மெக்கானிக்கையே நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். பழுது பார்ப்பவரின் தொழில் மதிப்பிற்குரியதே. விமானங்களைப் பழுது பார்ப்பதற்கெனத் தனிப் பயிற்சியும் தனி உரிமமும் உள்ளன. ஆனால் பொறியியலாளரின் பணி வேறு. ஒரு பாகம் எந்தப் பொருளால், எவ்வளவு தடிப்பில், எந்த வடிவில் அமைய வேண்டும். அது எவ்வளவு பாரத்தைத் தாங்கும். எத்தனை காலம் உழைக்கும். எப்போது அதனைக் கழற்றிவிட்டு வேறு பாகம் பூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் கூறுபவர் அவர். சுருங்கச் சொன்னால், ஒரு பொருள் எப்படி உடையும் என்பதை, அது உடைவதற்கு முன்பே அறிந்து சொல்வதுதான் அவருடைய தொழில்.

பாரமும் பலமும்

பாலம் கட்டுபவருக்குச் சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் இரும்பைச் சேர்த்துக்கொள்ளலாம். விமானம் கட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கூட்டும் ஒவ்வொரு கிலோகிராமையும் அந்த விமானம் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்து பறந்தாக வேண்டும். அதற்குரிய எரிபொருளும் செலவாகும். ஆகவே பாகங்கள் இலேசாகவும் இருக்க வேண்டும். உடையாமலும் இருக்க வேண்டும்.

மாடிக் கட்டடங்களில் உள்ள மின்தூக்கியின் கம்பிவடம், தான் சுமக்கும் பாரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தாங்கக்கூடியதாக அமைக்கப்படுகிறது. பயணிகள் விமானத்தின் இறக்கையோ, அது வாழ்நாளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரும் பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கினால் போதும் என்பது விதி. பத்து மடங்கு எங்கே, ஒன்றரை மடங்கு எங்கே! இந்தக் குறுகிய இடைவெளிக்குள் வேலை செய்ய வேண்டியிருப்பதால்தான், விமானப் பொறியியலாளரின் கணக்கு மிகத் துல்லியமாக இருக்க வேண்டியுள்ளது.

கணக்கு மட்டும் போதுமா? போதாது. ஏர்பஸ் ஏ380 என்னும் ஈரடுக்கு விமானத்தின் இறக்கையை 2006ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரில் சோதித்தார்கள். இயந்திரங்களைக் கொண்டு இறக்கையை மேல்நோக்கி வளைத்துக்கொண்டே சென்றார்கள். ஒன்றரை மடங்கு தாங்க வேண்டிய அந்த இறக்கை 1.45 மடங்கில் ஒடிந்தது. குறைவு மிகச் சிறியதே. ஆயினும், “இவ்வளவு பாரம் ஒருநாளும் வரப்போவதில்லை” என்று கூறி அதனை விட்டுவிடவில்லை. குறை இருந்த இடத்தை ஆராய்ந்து வலுவூட்டிய பின்னரே அவ்விமானத்திற்கு அனுமதி கிடைத்தது. 2007ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு அதன் முதல் வணிகப் பயணம் நடைபெற்றது. சோதனைக் கூடத்தில் ஒடிந்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. தரையில் உடைத்துப் பார்ப்பது, வானில் உடையாமல் இருப்பதற்காகவே.

உலோகமும் களைப்படையும்

தரையில் உரிய முறையில் சோதித்துப் பார்க்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. அது நம் வட்டாரத்தோடும் தொடர்புடையது.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1952ஆம் ஆண்டு மே மாதம் சேவையில் இறங்கியது. பிரிட்டனில் கட்டப்பட்ட அவ்விமானத்தின் வேகத்தையும் அமைதியையும் உலகமே புகழ்ந்தது. 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பல நகரங்களில் இறங்கி இலண்டனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காமெட் விமானம் ஒன்று, ரோமாபுரியை விட்டுக் கிளம்பிய இருபது நிமிட அளவில், எல்பா தீவுக்கு அருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 35 பேரும் மாண்டனர். காமெட் விமானங்கள் நிறுத்தப்பட்டன. சந்தேகப்பட்ட பாகங்கள் பல திருத்தப்பட்டு, மார்ச்சு மாதத்தில் அவை மீண்டும் பறக்கத் தொடங்கின. ஆனால் ஏப்ரல் 8ஆம் நாள் மற்றொரு காமெட் அதே விதமாக இத்தாலிக் கடலில் விழுந்து 21 பேர் உயிரிழந்தனர்.

காரணம் என்ன? அதனை அறிய, நாம் நாள்தோறும் காணும் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். பால்மரத்தில் மங்கைத் தாங்கி நிற்கும் கம்பியை ஒருமுறை வளைத்தால் அது உடைவதில்லை. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால், பெரிய பலம் எதுவும் செலுத்தாமலே பட்டென்று ஒடிந்துவிடும். இதனை உலோகக் களைப்பு என்பர்.

விமானம் உயரச் செல்லும்போது வெளிக்காற்று மெலிந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிடுவதற்காகக் காற்று அழுத்தி நிரப்பப்படுகிறது. காமெட் விமானத்தில் அந்த அழுத்தம், உடற்பகுதியின் ஒவ்வொரு சதுர அடியிலும் ஐந்நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் உள்ளிருந்து தள்ளுவதற்குச் சமம். விமானம் ஏறும்போது அதன் உடல் பலூனைப்போல் சிறிதளவு விரிகிறது. இறங்கும்போது மீண்டும் சுருங்குகிறது. ஒவ்வொரு பயணமும் அந்தக் கம்பியை ஒருமுறை வளைப்பது போன்றதாகும்.

ஃபார்ன்பரோ என்னுமிடத்தில் இருந்த அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தின் பொறியியலாளர்கள், சர் ஆர்னால்டு ஹால் தலைமையில் இதனை ஆராய்ந்தனர். ஒரு முழுக் காமெட்டின் உடற்பகுதியைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் அமைத்து, உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பயணத்திற்குப் பின் பயணமாக இரவு பகல் நடத்திப் பார்த்தனர். காற்றை விட்டுத் தண்ணீரை ஏன் பயன்படுத்தினர்? அழுத்திய காற்று வெடிகுண்டுபோல் வெடித்து அனைத்தையும் சிதறடித்துவிடும். தண்ணீர் அவ்வாறு விரிவதில்லை. ஆகவே, முதல் விரிசல் எங்கே தோன்றியது என்பதைக் கண்ணால் காண முடியும். உண்மையில் பறந்தவற்றையும் தொட்டியில் நடத்தியவற்றையும் சேர்த்து 3,057 பயணங்கள் ஆனபோது, உடற்பகுதி ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது. கடலடியிலிருந்து எடுத்த பாகங்களைப் பொருத்திப் பார்த்தபோது, அங்கும் கூரையிலிருந்த ஒரு திறப்பின் ஓரத்தில் களைப்பு விரிசல் காணப்பட்டது. துணியின் வெட்டுவாயில் கிழிசல் தொடங்குவதுபோல், திறப்புகளின் மூலையில்தான் இழுவிசை குவிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காமெட்டைக் கட்டியவர்கள் சோதனையே செய்யாதவர்கள் அல்லர். உடற்பகுதியின் ஒரு துண்டைப் பல்லாயிரம் முறை அழுத்திச் சோதித்து, அது தாங்கியதைக் கண்டிருந்தார்கள். ஆனால் அதே துண்டின் மீது, அதற்கு முன்னர், வழக்கத்தைவிட மிகுதியான அழுத்தத்தைச் செலுத்தியிருந்தார்கள். அதனால் மூலைகளில் இருந்த உலோகம் களைப்பைத் தாங்கும் விதத்தில் மாறிவிட்டது. சோதனைத் துண்டுக்குக் கிடைத்த அந்தப் பலம், பறக்கும் விமானங்களுக்குக் கிடைக்கவில்லை. சோதனை நேர்மையாகத்தான் நடந்தது. ஆயினும் அது தவறான விடையைத் தந்தது. இன்று உலகெங்கும் பறக்கும் விமானங்களின் சன்னல்கள் மூலை தெரியாமல் வளைந்திருப்பதையும், ஒவ்வொரு விமானமும் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கு வைக்கப்படுவதையும் காணும்போது, அந்த 56 உயிர்களை நினைத்துக்கொள்வது தகும்.

விமானச் சக்கரமும் இயற்கை ரப்பரும்

விமானப் பொறியியலாளர் உலோகத்தை மட்டும் கற்றால் போதாது. ரப்பரையும் கற்க வேண்டும். செயற்கை ரப்பர் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும், பெரிய விமானங்களின் டயர்களில் இன்றும் பெரும்பகுதி இயற்கை ரப்பரே. அதன் காரணத்தை நம் மக்கள் அறிந்துகொள்வது பெருமைக்குரியது.

தரையைத் தொடும் நொடி வரையில் விமானத்தின் சக்கரம் சுழலாமல் நிற்கிறது. தொட்டவுடன், மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்திற்கு ஒரு கணத்தில் சுழன்றாக வேண்டும். பல டன் பாரமும் அதே கணத்தில் அதன்மேல் இறங்குகிறது. காரின் டயரில் சதுர அங்குலத்திற்கு 30 இறாத்தல் அளவில் காற்று நிரப்புகிறோம். பெரிய பயணிகள் விமானத்தின் டயரிலோ ஏறத்தாழ 200 இறாத்தல் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு நிரப்பப்படுகிறது. தீப்பற்றுவதற்கு உதவும் பிராணவாயுவையும் ஈரத்தையும் தவிர்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு. இத்தகைய அடியையும் வளைவையும் தாங்கும்போது இயற்கை ரப்பர் தனக்குள் குறைந்த வெப்பத்தையே உண்டாக்கிக்கொள்கிறது, எளிதில் கிழிவதுமில்லை. எனவேதான் பொறியியலாளர்கள் அதனை விடாது பயன்படுத்துகின்றனர்.

அவ்வாறிருந்தும் அவர்கள் ரப்பரை முழுவதும் நம்பிவிடுவதில்லை. பிரேக்கின் வெப்பத்தால் டயர் வெடித்துவிடக்கூடும் என்று எண்ணி, குறிப்பிட்ட வெப்பத்தில் உருகிவிடும் சிறு அடைப்புகளைச் சக்கரத்தில் பொருத்தியுள்ளனர். வெப்பம் மிகுந்தால் அடைப்பு உருகி, வாயு மெல்ல வெளியேறிவிடும். டயர் கெட்டாலும் மனிதர் பிழைப்பர்.

ஒரு ரப்பர் வளையமும் ஓர் எச்சரிக்கையும்

கணக்கும் சோதனையும் சரியாக இருந்தும், சொல்ல வேண்டியவர் சொல்லியும், கேட்க வேண்டியவர் கேளாமையால் வந்த கேடும் உண்டு.

அமெரிக்காவின் விண்கலங்களை மேலே தள்ளிய ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து இணைக்கப்பட்டவை. இணைப்பின் வழியே நெருப்பு வெளியேறாமல் தடுக்கச் செயற்கை ரப்பர் வளையங்கள் இருந்தன. அவை ஏறத்தாழ 3.7 மீட்டர் விட்டமும் கால் அங்குலத்தைச் சற்றே கடந்த தடிப்பும் உடையவை. ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தில் பணியாற்றிய ரோஜர் போஜொலே என்னும் இயந்திரவியல் பொறியியலாளர், 1985ஆம் ஆண்டு ஜனவரியில் குளிர் மிகுந்த நாட்களை அடுத்து ஏவப்பட்ட ராக்கெட்டின் இணைப்பைப் பரிசோதித்தபோது, முதல் வளையத்தைக் கடந்து புகை கசிந்திருப்பதைக் கண்டார். குளிரில் ரப்பர் விறைத்துவிடுகிறது; விறைத்த ரப்பர் இடைவெளியை உடனே அடைப்பதில்லை. இதனால் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்று அவ்வாண்டு ஜூலையில் தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார்.

1986ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் இரவு, மறுநாள் காலை கடுங்குளிர் இருக்கும் என்று தெரிந்தது. போஜொலேயும் அவருடைய தோழர்களும், வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் சேலஞ்சர் விண்கலத்தை ஏவக் கூடாது என்று தொலைபேசி மாநாட்டில் வாதாடினர். நிறுவனம் முதலில் அதனை ஏற்றது. விண்வெளி நிலையத்தின் அதிகாரிகள் மறுத்துப் பேசவே, நிறுவனத்தின் நிர்வாகிகள் தம் பொறியியலாளர்களின் சொல்லைத் தள்ளிவிட்டு, ஏவலாம் என்று ஒப்புதல் அளித்தனர். மறுநாள் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகையாக இருந்தது. ஏவிய 73ஆம் நொடியில் சேலஞ்சர் சிதைந்தது. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட எழுவரும் மாண்டனர்.

விசாரணையின்போது, நோபல் பரிசு பெற்ற அறிவியலறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டு ஒன்றைப் பனிக்கட்டி நீரில் இட்டு, அது விறைத்துப்போவதை அனைவர் முன்னிலையிலும் காட்டினார். ரப்பரை நாள்தோறும் கையாளும் நம்மவர்களுக்கு அது புரியாத பாடமன்று. இணைப்புகள் புதிதாக அமைக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் மீண்டும் விண்கலம் ஏவப்பட்டது. போஜொலே அந்நிறுவனத்தை விட்டு விலகி, பொறியியல் மாணவர்களிடையே கடமையைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசி வந்தார், 2012இல் காலமானார். அவருடைய சொல் அன்று எடுபடவில்லை. ஆயினும், பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளில் இன்றும் அது பாடமாக இருக்கிறது.

நம் நாட்டில் இத்தொழில்

இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்திகள்தாமே என்று எண்ண வேண்டியதில்லை. மலாக்கா பத்து பெரண்டாமில் 1990ஆம் ஆண்டுகளிலிருந்து விமானங்களுக்கான கூட்டுப்பொருள் பாகங்கள் செய்யப்பட்டு வருகின்றன. கெடா புக்கிட் காயு ஈத்தாமில் போயிங் விமானங்களின் பாகங்களும், சிலாங்கூர் செரண்டாவில் ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின்களின் விசிறிக் கூடுகளும் உருவாகின்றன. சுபாங்கில் பாகங்கள் செய்வதோடு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் வேலையும் நடைபெறுகிறது. அண்டை நாடான சிங்கப்பூரின் சிலேத்தாரில் ஜெட் எஞ்சின்களும் அவற்றின் டைட்டானிய விசிறி அலகுகளும் செய்யப்படுகின்றன. மலேசிய அரசாங்கம் 2030ஆம் ஆண்டு வரைக்குமான விண்வெளித் தொழில் பெருந்திட்டத்தை 2015இல் வெளியிட்டது.

கூட்டுப்பொருள் என்பது, கரி இழைத் துணியைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக வைத்து, பெரிய அழுத்த அடுப்பில் வேகவைத்துச் செய்வது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவம்தான் அங்கும். வெப்பம், அழுத்தம், நேரம் ஆகியவற்றைத் தீர்மானிப்பவர் பொறியியலாளர். வெந்த பாகத்திற்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழி ஏதும் உளதா என்று மிகையொலி அலைகளைச் செலுத்திப் பார்த்துக் கையொப்பமிடுவர். ஐயம் இருப்பின் கையொப்பம் இராது. எவ்வளவு விலையுள்ள பாகமாயினும் ஒதுக்கி வைக்கப்படும்.

இத்துறையில் சேர

எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் கடினம் என்று விட்டுவிடும் பிள்ளைக்கு, இந்த வழியின் முதல் கதவே அடைபட்டுவிடும். பின்னர், மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். அல்லது பாலிடெக்னிக் டிப்ளோமா வழியாகப் பல்கலைக்கழகம் செல்லலாம். இயந்திரவியல் பட்டப் படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள். நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் விண்வெளிப் பொறியியலைத் தனியாகவே கற்கலாம். பட்டம் பெற்றவர் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

இயந்திரவியல் பட்டத்திற்கு ஒரு நன்மை உண்டு. 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது விமானங்கள் தரையில் நின்றன. இத்தொழிலில் பலர் வேலை இழந்தனர். அத்தகைய காலத்தில், இயந்திரவியல் கற்றவர் மோட்டார் வாகனம், மின்சார உற்பத்தி, எண்ணெய் முதலிய துறைகளிலும் வேலை தேடிக்கொள்ள இயலும்.

பெண் பிள்ளைகளுக்கு இத்துறை ஏற்றதா என்று கேட்போர் இன்னும் உளர். அவர்கள் பியாட்ரிஸ் ஷில்லிங் அம்மையாரை அறிந்துகொள்ள வேண்டும். இறைச்சி வியாபாரி ஒருவரின் மகளான அவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பயின்று, முன்பு கூறிய ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் விமானங்கள் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது எஞ்சின் திணறி நின்றுவிடும் குறை இருந்தது. 1941இல் அவர், எரிபொருள் குழாயில் பொருத்தும் துளையிட்ட சிறு உலோகத் தகடு ஒன்றினால் அக்குறையைப் பெரிதும் தீர்த்தார். சிறு தகடுதான், அது காத்த விமானிகளோ பலர்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பாராதீர்கள். விடையை இரண்டாம் முறை சரிபார்த்தானா, தவறு நேர்ந்த இடத்தைத் தானே கண்டுபிடித்தாளா, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு உண்டா என்றும் பாருங்கள். காமெட்டின் மூலையிலும் சேலஞ்சரின் வளையத்திலும் உயிர்கள் போனதற்கு, இந்தச் சிறு பழக்கங்கள் ஏதோ ஓரிடத்தில் தவறியதே காரணம். அவற்றைத் தோட்டத்து வீட்டின் சாப்பாட்டு மேசையிலேயே கற்பிக்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. அவ்வாறு வளர்ந்த பிள்ளை ஒருநாள் ஒரு விமானப் பாகத்தின் தாளில் கையொப்பமிடும்போது, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் அக்கையொப்பத்தை நம்பிக் கண்ணயர்ந்து பயணம் செய்வர்.